அலைவழியும் வலைவழியும்

நுழையும்முன்

‘வானொலி’ என்னும் ஒரே சொல்லால் இன்று நாம் இரு வேறு பொருள்களைக் குறிக்கிறோம். ஒன்று, கோபுரத்திலிருந்து அலையாகப் புறப்பட்டு வான்வழியே வந்து சேர்வது. மற்றொன்று, கம்பியும் கண்ணாடி இழையும் கைப்பேசிக் கோபுரமும் மாறிமாறிச் சுமந்துவர, இணையத்தின் வழியே வந்து சேர்வது. கேட்கும் செவிக்கு இரண்டும் ஒன்றே. பாடலும் செய்தியும் அறிவிப்பாளரின் குரலும் இரண்டிலும் அப்படியே ஒலிக்கின்றன. ஆயினும் அவை வந்த வழி வேறு. அவ்வழிக்கு ஆகும் செலவு வேறு. வழி அடைபடும் விதமும் வேறு. பழையது போய்ப் புதியது வந்தது என்று ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய செய்தி அன்று இது. எது எதனால் இயலும், எவரை எது எட்டும் என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

சென்னையில் பிறந்த வானொலி

இந்திய ஒலிபரப்பின் வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. 1924ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு சூலை 31 முதல் அது ஒலிபரப்பிலும் இறங்கியது. அரசின் துணையின்றி, ஆர்வலர்களின் கட்டணத்தைக் கொண்டே நடந்த கழகம் அது. பணம் போதாமையால் 1927இல் ஒலிபரப்பு நின்றது. கழகத்தின் ஒலிபரப்பிக் கருவி சென்னை மாநகராட்சியிடம் ஒப்படைக்கப்பட, 1930 ஏப்ரல் முதல் நாளிலிருந்து மாநகராட்சியே வானொலி நடத்தியது. உள்ளாட்சி அமைப்பொன்று வானொலி நிலையம் நடத்தியது இன்று வியப்பாகத் தோன்றலாம். வீட்டில் வானொலிப் பெட்டி இல்லாதோரும் கேட்பதற்காக மெரினா கடற்கரை முதலிய இடங்களில் ஒலிபெருக்கிகள் வைக்கப்பட்டன. மாநகராட்சிப் பள்ளிகளுக்கெனத் தனி நிகழ்ச்சிகளும் நடந்தன.

1936 சூன் 8ஆம் நாள் ‘அகில இந்திய வானொலி’ என்னும் பெயர் ஏற்பட்டது. 1938 சூன் 16இல் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சிராப்பள்ளி நிலையமும் தொடங்கப்பெற்றன. நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவில் இருந்த வானொலி நிலையங்கள் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, திருச்சிராப்பள்ளி, இலக்னோ ஆகிய ஆறே. அவற்றுள் இரண்டு தமிழ் நிலத்தில் இருந்தன. நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 சூலை 23இல் தொடங்கியதும் சென்னையில்தான்.

விதைப்பும் நடவும்

‘ஒலிபரப்பு’ என்னும் சொல்லை உற்று நோக்குங்கள். பரப்புதல் என்பது உழவரின் சொல். புழுதிக் காலில் நின்று விதையைக் கையால் அள்ளி வீசும் உழவர், எந்த விதை எந்த இடத்தில் விழுகிறது என்று பார்ப்பதில்லை. வயல் முழுவதும் விழுகிறது, முளைப்பது முளைக்கிறது. ஆங்கிலத்தில் ஒலிபரப்பைக் குறிக்கும் சொல்லும் விதை வீசுதலைக் குறித்த பழைய சொல்லே. இரு மொழிகளிலும் இந்த உவமை பொருந்தி வந்தது தற்செயலாகவே இருக்கலாம்; ஆனால் பொருத்தம் மிகச் சரியானது. நாற்று நடவு அவ்வாறன்று. ஒவ்வொரு நாற்றையும் கையில் எடுத்து, அதற்குரிய இடத்தில் ஊன்ற வேண்டும். நாற்றுகள் கூடினால் நடவாளும் கூட வேண்டும். இணைய வானொலி நடவைப் போன்றது. எவ்வாறு என்பதைக் காண்போம்.

சென்னை வானொலியின் முதல் அலைவரிசை 720 கிலோஹெர்ட்ஸ் என்னும் மத்திய அலையில் இயங்குவது. நொடிக்கு 7,20,000 முறை அதிரும் ஊர்தி அலையொன்றை ஒலிபரப்பி உண்டாக்குகிறது. பேச்சும் இசையும் அவ்வலையின் மேல் ஏற்றி அனுப்பப்படுகின்றன. ஏற்றப்படும் ஒலிக்கேற்ப அலையின் உயரம் மாறினால் அது வீச்சுப் பண்பேற்றம். அதிர்வெண் மாறினால் அது அதிர்வெண் பண்பேற்றம். பின்னதைத்தான் ‘பண்பலை’ என்கிறோம். இடியும் மின்விசிறியும் உண்டாக்கும் இரைச்சல் பெரும்பாலும் அலையின் உயரத்தையே கெடுக்கும். ஆதலால் உயரத்தை நம்பியிராத பண்பலையில் இசை தெளிவாக ஒலிக்கிறது.

ஒளியின் விரைவான நொடிக்கு 3,00,000 கிலோமீட்டரை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். 720 கிலோஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 417 மீட்டர். சென்னையின் 101.4 மெகாஹெர்ட்ஸ் பண்பலையின் நீளம் மூன்று மீட்டருக்கும் சற்றுக் குறைவு. இந்த வேறுபாட்டிலிருந்தே பல விளைகின்றன. நீண்ட மத்திய அலை நிலத்தை ஒட்டி வளைந்து செல்லும். உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால் கடற்பரப்பின் மேல் இன்னும் நெடுந்தொலைவு செல்லும். இரவில் அயனி மண்டலத்தின் கீழ் அடுக்கு மறைவதால், மேல் அடுக்கில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் விழும். குட்டையான பண்பலை பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்லும். கோபுரம் தொடுவானத்தில் மறைந்தால் ஒலியும் மறையும். சிற்றலையோ அயனி மண்டலத்தில் மோதி மோதிக் கண்டம் கடக்கும்.

இங்கே நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கோபுரத்திலிருந்து அலை புறப்பட்ட பிறகு, அதைப் பத்துப் பேர் கேட்டாலும் பத்து இலட்சம் பேர் கேட்டாலும் நிலையத்தின் மின்கட்டணம் ஒரு காசும் மாறாது. வீசிய விதை வீசியதுதான்.

தெரியுமா?

1960களின் பிற்பகுதியில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல் இரகத்தை ‘ரேடியோ நெல்’ என்று வழங்கினர். திருச்சிராப்பள்ளி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் அவ்விதையின் சிறப்பை ஊர்தோறும் கொண்டு சேர்த்தமையால் வந்த பெயர் இது.

இணையத்தில் ஏறிய ஒலி

1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் கார்ல் மலமூத் என்பவர் ‘இணையப் பேச்சு வானொலி’ என்னும் பெயரில் நேர்காணல்களை ஒலிக்கோப்புகளாக இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். 1994 நவம்பர் 7ஆம் நாள் வட கரோலினாப் பல்கலைக்கழக மாணவர்கள் நடத்திய டபிள்யூ.எக்ஸ்.ஒய்.சி. என்னும் வானொலி நிலையம், தன் அன்றாட ஒலிபரப்பை இணையத்திலும் விடத் தொடங்கியது. அலைவழி நிலையம் ஒன்று வலைவழியும் ஒலிக்கத் தொடங்கியதற்கு இதுவே முதற்சான்றாகக் கொள்ளப்படுகிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த ரியல் ஆடியோ என்னும் மென்பொருள், கோப்பு முழுவதும் வந்து சேரும்வரை காத்திராமல் வர வரக் கேட்கலாம் என்னும் வசதியைப் பரவலாக்கியது. அன்றைய வீட்டு இணைப்பு தொலைபேசிக் கம்பி வழியானது, நொடிக்கு 14.4 கிலோபிட் என்னும் வேகமே பலருக்கு வாய்த்தது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போன்ற ஒலியே கிடைத்தது. ஆயினும் கடல் கடந்து வாழ்ந்தவர்களுக்கு அதுவே பெரிதாயிற்று.

இணைய வானொலியில் ஒலி முதலில் எண்களாக மாற்றப்படுகிறது. மனிதச் செவி உணராத கூறுகள் நீக்கப்பட்டுச் சுருக்கப்படுகிறது. பிறகு சிறுசிறு பொட்டலங்களாகக் கட்டப்பட்டு, ஒவ்வொன்றிலும் பெறுநரின் முகவரி எழுதப்பட்டு அனுப்பப்படுகிறது. பொட்டலங்கள் யாவும் ஒரே வழியில் வரும் என்பதில்லை. ஒரே வரிசையில் வரும் என்பதும் இல்லை. எனவே நம் கைப்பேசி அவற்றைச் சற்றே சேர்த்துவைத்து, வரிசைப்படுத்தி, அதன்பின் ஒலிக்கிறது.

‘பெறுநரின் முகவரி’ என்னும் சொற்றொடரில்தான் எல்லாம் அடங்கியுள்ளது. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஓடையை வழங்கிக் கணினி அனுப்ப வேண்டும். கணக்கிட்டுப் பாருங்கள். நொடிக்கு 64 கிலோபிட் அளவில் ஓடும் வானொலியை ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 28.8 மெகாபைட் தரவு செலவாகும். அதே நேரத்தில் 10,000 பேர் கேட்டால் நிலையத்திலிருந்து நொடிக்கு 640 மெகாபிட் வெளியேற வேண்டும். பத்து இலட்சம் பேர் என்றால் 64 ஜிகாபிட். நேயர் பெருகப் பெருக நிலையத்தின் செலவும் பெருகுகிறது. நேயர் பெருகினால் மகிழ வேண்டிய நிலையம், கட்டணச் சீட்டைப் பார்த்துக் கவலைகொள்ளும் விந்தை இங்கேதான் உண்டு. பெரிய நிறுவனங்கள் பல நகரங்களில் படி எடுத்து வைக்கும் இடைநிலை வழங்கிகளை வாடகைக்கு அமர்த்திக்கொள்கின்றன. ஓர் ஓடையை வழியிலேயே பலவாகக் கிளைக்கச் செய்யும் முயற்சியும் 1990களில் நடந்தது. ஆனால் பொது இணையத்தில் அது வேரூன்றவில்லை.

மறுபக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நூறு நேயர்களுக்காக ஒருவர் வானொலி தொடங்க விரும்பினால், கோபுரம் நாட்டி உரிமம் பெறுவது அவரால் ஆகாத செயல். இணையத்திலோ ஒரு கணினியும் ஒலிவாங்கியும் ஓரளவு நல்ல இணைப்பும் போதும். அந்த நூறு பேரும் ஒரே ஊரில் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் மொரீசியசிலும் ஒருவர் மலேசியாவிலும் இருக்கலாம். எண்ணிக்கை சிறிதாய், இடம் பரந்ததாய் இருக்கும் நேயர் கூட்டத்திற்கு வலைவழி ஏற்றது. எண்ணிக்கை பெரிதாய், இடம் நெருங்கியதாய் இருக்கும் கூட்டத்திற்கு அலைவழி ஏற்றது. இது பொறியியல் தரும் விடை. மக்கள் தரும் விடை சில வேளைகளில் வேறாக அமைகிறது.

ஒரு நொடிக்குள் உலகம்

இலண்டன் மாநகரின் பிக் பென் மணியோசையை பி.பி.சி. 1923 டிசம்பர் 31 முதல் ஒலிபரப்பி வருகிறது. மணிக்கூண்டிலிருந்து நூறு மீட்டர் தள்ளி நிற்பவர் செவியை அவ்வோசை எட்ட ஏறத்தாழ 0.3 நொடி ஆகும். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் அளவே செல்லும். மணியருகில் வைத்த ஒலிவாங்கியின் ஓசை சிற்றலையில் ஏறி நேரே சென்னையை எட்டுமாயின், 8,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவைக் கடக்க 0.03 நொடியே போதும். தெருவில் நிற்பவருக்கு முன்பே சென்னையில் இருப்பவர் மணியோசையைக் கேட்டுவிடுவார்!

வலைவழியில் இவ்வியப்பு நிகழாது. சுருக்குதல், பொட்டலம் கட்டுதல், சேர்த்துவைத்தல் ஆகிய ஒவ்வொன்றும் காலம் கேட்கின்றன. பத்து நொடி முதல் ஒரு நிமிடம் வரையிலும்கூடத் தாமதம் நேர்வதுண்டு. கைப்பேசியில் துடுப்பாட்ட வருணனை கேட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டு வானொலியைச் சூழ்ந்திருப்போர் முன்னதாகவே ஆர்ப்பரிப்பது இதனால்தான். விளையாட்டில் இது சிறு எரிச்சல். ஆனால் நேரக் குறிப்பொலியைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்யும் பழைய வழக்கம் இணைய வானொலியில் பொருளற்றதாகிவிட்டது.

தமிழோசையின் கதை

பி.பி.சி. நிறுவனம் 1941 மே 3ஆம் நாள் தமிழில் ஒலிபரப்பத் தொடங்கியது. அதற்குத் ‘தமிழோசை’ என்னும் அழகிய பெயர் பின்னர் அமைந்தது. இலங்கை வானொலியில் பணியாற்றியவரும், ‘ஒலிபரப்புக் கலை’ என்னும் நூலை எழுதியவருமான சோ. சிவபாதசுந்தரம் அப்பெயரைச் சூட்டியவர். இலண்டனிலிருந்து சிற்றலையில் வந்த அவ்வோசை தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வீடுகளுக்குள் புகுந்தது. இரவில் முள்ளை மெல்லத் திருப்பி, கரகரப்புக்கு நடுவே குரலைத் தேடிப் பிடிப்பது அக்கால நேயரின் அன்றாடப் பழக்கமாக இருந்தது.

அந்த ஒலிபரப்பை யார், எவ்வாறு கேட்டனர் என்பது அறியத்தக்கது. 1990களில் போரின் காரணமாக யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மின்கலங்களும் எளிதில் கிடைக்கவில்லை. மக்கள் மிதிவண்டியை நிறுத்திவைத்து, அதன் சக்கரத்தை மிதித்துச் சுழற்றி, விளக்குக்கென அமைந்த சிறு மின்னாக்கியிலிருந்து கம்பி இழுத்து வானொலியை இயக்கினர். ஒருவர் மிதிக்க, சுற்றி அமர்ந்த குடும்பமும் அயலாரும் செய்தி கேட்டனர். மிதிப்பவர் களைத்தால் இன்னொருவர் ஏறினார். தம் உறவினர் வாழும் ஊரில் என்ன நடந்தது என்பதைத் தொலைதூர இலண்டன் வழியாக அறிய வேண்டிய நிலை அவர்களுடையது. வானொலிப் பெட்டி எவ்வளவு சிறிய ஆற்றலில் இயங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவ்விடத்தில், அக்காலத்தில், வலைவழி வானொலியால் ஒரு சொல்லையும் கொண்டு சேர்த்திருக்க இயலாது.

போரினால் புலம்பெயர்ந்து டொரண்டோ, இலண்டன், பாரிசு முதலிய நகரங்களில் குடியேறிய அதே மக்களின் நிலை நேர்மாறானது. அங்கே மின்சாரத்திற்குக் குறைவில்லை. தமிழ்க் குரலுக்குத்தான் குறைவு. அந்நகரங்களின் அலைவரிசைகளில் சிறுபான்மை மொழிக்கு இடம் கிடைப்பது அரிதாயிருந்தது. பண்பலையின் துணை அலைவரிசை ஒன்றை வாடகைக்குப் பெற்று, தனியே விற்கப்பட்ட கருவிகளால் மட்டுமே கேட்கத்தக்க தமிழ் வானொலிகளைச் சிலர் நடத்தினர். இணையம் விரிவடைந்தபோது அத்தகைய நிலையங்கள் பலவும் வலைவழிக்கு மாறின, புதியனவும் தோன்றின. பனிபொழியும் காலையில் டொரண்டோவில் வேலைக்குச் செல்பவர், யாழ்ப்பாணத்து மாலைச் செய்தியையும் கோயில் திருவிழா அறிவிப்பையும் மரண அறிவித்தலையும் கேட்கிறார். ஊரில் ஒருவர் இறந்தார் என்னும் செய்தி நான்கு கண்டங்களில் ஒரே நேரத்தில் ஒலிக்கிறது. இச்சேவையை எந்த நாட்டின் பெரிய கோபுரமும் செய்ததில்லை.

2017 ஏப்ரல் 30ஆம் நாளுடன் தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு நிறைவுற்றது. 76 ஆண்டுகள் ஒலித்த வானொலிச் சேவை நின்றது, பி.பி.சி.யின் தமிழ்ப் பணி இணையத்தில் எழுத்தாகவும் காணொலியாகவும் தொடர்கிறது. நேயர்களுள் பலர் கைப்பேசிக்கு மாறிவிட்டனர் என்பது உண்மை. சிற்றலைக்கான செலவு பெரிது என்பதும் உண்மை. ஆனால் மாறாத நேயர் ஒருவர் இருந்திருப்பார். முதியவராகவோ, மலைத்தோட்டத்தில் இணைப்பின்றி வாழ்பவராகவோ, மாதந்தோறும் தரவுக்குப் பணம் கட்ட இயலாதவராகவோ அவர் இருந்திருப்பார். அவர் எத்தனை பேர் என்று எண்ணுவது கடினம். அலைவழி நேயரை எவரும் எண்ண முடியாது. எண்ணப்படாதவர்களின் இழப்பு எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. ஒரு சேவையை நிறுத்துவோர் இதனையும் எடைபோட வேண்டும் என்பது நம் கருத்து.

நிறுத்திய சிற்றலையை மீட்டெடுத்த நிகழ்வும் உண்டு. உக்ரைன் போர் தொடங்கியதை அடுத்து, 2022 மார்ச்சில் அந்நாட்டிற்கும் உருசியாவின் சில பகுதிகளுக்கும் நாள்தோறும் நான்கு மணி நேரம் சிற்றலையில் செய்தி ஒலிபரப்ப பி.பி.சி. மீண்டும் முன்வந்தது.

புயலும் கடலும்

2017 செப்டம்பர் 20ஆம் நாள் கரிபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவை மரியா சூறாவளி தாக்கியது. மின்சாரம் தீவு முழுவதும் அற்றுப்போனது. கைப்பேசிக் கோபுரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து செயலிழந்தன. அந்நிலையிலும் வாபா என்னும் மத்திய அலை வானொலி நிலையம் மின்னாக்கியின் துணையால் இடைவிடாது ஒலித்தது. உயிரோடிருப்போரின் பெயர்களையும், தேடப்படுவோரின் பெயர்களையும் அதன் அறிவிப்பாளர்கள் வாசித்துக்கொண்டே இருந்தனர்.

இது ஏன் இயன்றது? இணைய ஒலி ஒருவர் செவியை அடைய, இடையில் எத்தனையோ கண்ணிகள் உள்ளன: வழங்கி, கண்ணாடி இழை, இணைப்பகம், கைப்பேசிக் கோபுரம், அக்கோபுரத்தின் மின்கலம், கேட்பவரின் திறன்பேசி, அதன் மின்னேற்றம். ஒரு கண்ணி அறுந்தாலும் ஒலி நிற்கும். அலைவழியிலோ இரண்டே முனைகள். ஒரு முனையில் ஒலிபரப்பி. மறுமுனையில் இரண்டு சிறு மின்கலங்களால் பல நாள் இயங்கும் பெட்டி. இடையில் இருப்பது வெளி மட்டுமே. வெளியைப் புயல் அறுப்பதில்லை. (ஒலிபரப்பிக் கோபுரமே சாய்ந்துவிட்டால் அலைவழியும் அடங்கிவிடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.) 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் கரையைக் கடந்தபின் காவிரிப் படுகையின் ஊர்கள் பல நாள் இருளில் கிடந்ததை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், டெல்டா மாவட்ட மாணவர் சிலர் நேரில் கண்டும் இருப்பீர்கள்.

கடலில் இச்செய்தி இன்னும் கூர்மையாகிறது. கரையிலிருந்து சில கடல்மைல் சென்றதும் கைப்பேசி ஊமையாகிவிடும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிக்க ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். எச்சரிக்கை அவர்களை உரிய நேரத்தில் எட்டவில்லை; பலர் திரும்பவில்லை. கரையில் எவ்வளவு துல்லியமாக வானிலையைக் கணித்தாலும், அக்கணிப்பு படகுக்குச் சென்று சேராவிடில் பயனில்லை. மத்திய அலை கடல்மேல் நெடுந்தொலைவு செல்லும் என்று முன்னர்ப் படித்ததை இங்கே பொருத்திப் பாருங்கள். பாம்பனில் இயங்கும் ‘கடல் ஓசை’ 90.4 என்னும் சமுதாய வானொலி மீனவர்க்கெனவே நடத்தப்படுகிறது. காற்றின் வேகம், கடலின் நிலை, மீனவர் பேசும் அதே பேச்சு. எனினும் சமுதாய வானொலிக்கு இசைவு தரப்பட்ட திறன் சிறிது. பண்பலை ஆதலால் எல்லை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அளவே. கரையோர மீன்பிடிப்புக்கு அது துணை, ஆழ்கடலுக்குப் போதாது.

தெரியுமா?

இந்தியாவில் கல்வி வளாகத்திலிருந்து ஒலித்த முதல் சமுதாய வானொலி சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ‘அண்ணா எப்.எம்.’ 2004 பிப்ரவரி முதல் நாள் தொடங்கப்பட்ட இது 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலிக்கிறது.

கேட்பவரை யார் அறிவார்?

1942 ஆகஸ்டில் ‘வெள்ளையனே வெளியேறு’ இயக்கம் எழுந்து தலைவர்கள் சிறைப்பட்டபோது, பம்பாயில் உஷா மேத்தா என்னும் இருபத்திரண்டு வயது இளம்பெண்ணும் அவர்தம் நண்பர்களும் ‘காங்கிரஸ் வானொலி’யை மறைவாக நடத்தினர். 42.34 மீட்டர் அலைநீளத்தில் ஒலித்த அந்நிலையம், காவலர் கண்ணில் படாதிருக்க இடம்விட்டு இடம் மாறியது. ஏறத்தாழ மூன்று மாதத்திற்குப் பின் நவம்பரில் அது பிடிபட்டது. அலை புறப்படும் திசையைக் கருவியால் கண்டுபிடிக்க முடியும்; ஒலிபரப்பியவர்கள் அகப்பட்டனர். ஆனால் வீட்டுக்குள் அமர்ந்து அதைக் கேட்டவர் எவர் என்பதை எந்த அலையும் காட்டிக்கொடுக்கவில்லை. அலைவழியில் பேசுபவர் வெளிப்படுவார், கேட்பவர் மறைந்திருப்பார்.

வலைவழியில் கேட்பவரும் வெளிப்படுகிறார். பொட்டலத்தை அனுப்ப முகவரி வேண்டும் அல்லவா? எந்த முகவரி, எந்த நேரத்தில் இணைந்தது, எப்போது விலகியது, எந்தப் பாடலில் விலகியது என்பன வழங்கியின் குறிப்பேட்டில் பதிகின்றன. இதனால் நிலையத்திற்கு நன்மை உண்டு. நேயர் விருப்பத்தை அறிந்து நிகழ்ச்சி அமைக்கலாம். விளம்பரதாரருக்கும் நன்மை உண்டு. நேயருக்கு உண்டா என்பதை நீங்கள்தாம் விவாதிக்க வேண்டும். ஒன்று மட்டும் சொல்லலாம். விரும்பியதையே மேலும் மேலும் ஊட்டும் கருவி, விரும்புவோம் என்று நாமே அறியாத ஒன்றைத் தருவதில்லை. திரைப்பாடலுக்காகக் காத்திருந்த நேரத்தில் உழவர் நிகழ்ச்சியும் நாகசுர இசையும் செவியில் விழுந்து, அவற்றில் ஒரு சுவை பிறந்த தலைமுறை ஒன்று இங்கே உண்டு.

அலைவரிசை யாருடையது?

வானொலிப் பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் ஒன்றிருந்தது. அம்முறை 1980களில் நீங்கியது. கேட்பவருக்கு உரிமம் நீங்கிற்றேயன்றி ஒலிபரப்புவோருக்கு நீங்கவில்லை. காரணம் எளிது. ஓர் ஊரில் ஒரே அதிர்வெண்ணில் இருவர் ஒலிபரப்பினால் இருவர் குரலும் கெடும். அலைவரிசைகள் எண்ணிக்கையில் அளவுபட்டவை. 1995இல் உச்ச நீதிமன்றம், அலைவரிசைகள் பொதுமக்களின் சொத்து எனவும், அவற்றை அரசோ தனியாரோ முற்றுரிமை கொண்டாடல் ஆகாது எனவும் தீர்ப்பளித்தது. அதன்பின்னரே தனியார் பண்பலைக்கும் சமுதாய வானொலிக்கும் வழி பிறந்தது. ஆயினும் தனியார் பண்பலை நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து வாசிக்க இசைவு தரப்படவில்லை. ஆகாசவாணியின் செய்தியை மாற்றமின்றி எடுத்து ஒலிக்கலாம் என்பதே விதி.

இணைய வானொலிக்கு அலைவரிசை ஒதுக்கீடு தேவையில்லை. எத்தனை நிலையங்கள் தோன்றினாலும் ஒன்றன் குரல் மற்றொன்றைக் கெடுப்பதில்லை. இது பெரும் விடுதலை. ஆனால் இங்கே வேறொரு நெருக்கடி உண்டு. எண்ணற்ற நிலையங்களுக்கு நடுவே எதை நேயர் முதலில் காண்பார் என்பதைச் செயலிகளும் தேடுபொறிகளும் தீர்மானிக்கின்றன. 2016இல் நெதர்லாந்தில் உருவான ‘ரேடியோ கார்டன்’ என்னும் தளம் இதற்கு இனியதொரு மாற்று. உலக உருண்டையைச் சுழற்றி, பச்சைப் புள்ளியொன்றைத் தொட்டால் அவ்வூர் வானொலி ஒலிக்கும். அங்கே ஒலிப்பவற்றுள் பெரும்பாலானவை உள்ளூர்க் கோபுரங்களிலிருந்தும் ஒலிப்பவையே. ஆகாசவாணியும் தன் நூற்றுக்கணக்கான ஒலிபரப்புகளைச் செயலி வழியே இன்று உலகெங்கும் வழங்குகிறது. அலையும் வலையும் ஒன்றையொன்று விழுங்காமல் ஒரே குரலைப் பகிர்ந்து சுமக்கும் நிலை இது.

திறன்பேசிக்குள்ளேயே இவ்விரு வழிகளும் கூடிவருவதும் உண்டு. பல திறன்பேசிகளின் உள்ளே பண்பலை வாங்கும் சில்லு இருக்கிறது. சில நிறுவனங்கள் அதனை முடக்கியே விற்கின்றன. பேரிடர்க் காலத்தில் பயன்படும் என்பதைச் சுட்டி, அவ்வசதியை முடக்காமல் வழங்குமாறு 2023இல் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கைப்பேசி நிறுவனங்களை அறிவுறுத்தியது. இவ்வசதியைப் பயன்படுத்தும்போது செவிப்பொறியின் கம்பியைச் செருகச் சொல்வது ஏன் என்று எண்ணியதுண்டா? பண்பலையின் அலைநீளம் ஏறத்தாழ மூன்று மீட்டர் என்று கண்டோம். அதன் கால் பங்கு முக்கால் மீட்டர். ஏறக்குறைய அந்த நீளமுள்ள செவிப்பொறிக் கம்பியே இங்கு அலைவாங்கி ஆகிறது. தரவுக் கட்டணமின்றி, இணைய இணைப்பின்றி, கைப்பேசிக் கோபுரம் சாய்ந்த பின்னும் அக்கம்பி வழியே செய்தி வரும்.

கற்பவை கற்றபின்...

உங்கள் ஊரில் கிடைக்கும் மத்திய அலை, பண்பலை நிலையங்களைப் பகலிலும் இரவிலும் கேட்டுப் பட்டியலிடுக. இரவில் மட்டும் கிடைக்கும் நிலையம் எது? ஏன்?

ஒரே நிகழ்ச்சியை வானொலிப் பெட்டியிலும் செயலியிலும் ஒருசேர ஒலிக்கவிட்டு, இரண்டிற்கும் இடைப்பட்ட தாமதத்தை நொடிக் கணக்கில் அளந்து வகுப்பில் கூறுக.

வானொலி கேட்டு வளர்ந்த முதியவர் ஒருவரை நேர்காணல் செய்து, அவர் தவறாது கேட்ட நிகழ்ச்சி குறித்து ஒரு பக்க அளவில் எழுதுக.

‘நம் மாவட்டத்தின் மத்திய அலை ஒலிபரப்பை நிறுத்திவிட்டுச் செயலி வழியே மட்டும் வழங்கலாம்’ என்னும் பொருளில், மீனவர், கல்லூரி மாணவர், நிலையப் பொறியாளர், புலம்பெயர்ந்த தமிழர் ஆகியோராக நின்று உரையாடுக.